அம்மாவின் சீட்டைத் தண்ணீரில் போட்டேன்

நனைந்த காகிதத்தின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஒரு வாசனை வரும். அடிப்பிடித்த கஞ்சியும் மழைநாளில் காயாத பள்ளிச் சட்டையும் கலந்ததுபோல் இருக்கும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டி, முன்மண்டையில் முடியையும் தாண்டிவிட்ட இந்தக் காலத்திலும், சலவைக் கடை எதையாவது கடந்து போகும்போது அந்த வாசனை மூக்கில் ஏறினால் என் வலது கைக் கட்டைவிரல் தானாக உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஊர் பார்க்கப் பெரிய மனிதனாக நடந்து போகும் ஒருவனுடைய விரல் மட்டும் எதற்காக இப்படிப் பத்து வயதிலேயே நின்றுவிட்டது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாங்கள் அப்போது மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் பாதி சிமெண்டு, பாதி பலகையாக இருந்த ஒரு வீட்டில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டினார். கப்பல் சங்கு ஊதினால் எங்கள் வீட்டு அலுமினியத் தட்டுகள் லேசாக அதிரும். அம்மா அதைக் கேட்டே மணி சொல்லுவார். நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அறிவியல் பாடம் எடுத்த கமலா டீச்சர் ஒருநாள் கரும்பலகையில் பெரிய கட்டம் ஒன்றைப் போட்டு, வீட்டிலுள்ள பத்துப் பொருள்களை எடுத்து, அவை தண்ணீரை உறிஞ்சுமா உறிஞ்சாதா, மிதக்குமா மூழ்குமா என்று வகைப்படுத்தி எழுதி வரச் சொன்னார். சொன்னதோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு கேடும் வந்திருக்காது. "யாரும் சும்மா உக்காந்து யோசிச்சு எழுதக்கூடாது. ஒவ்வொண்ணையும் தண்ணியில போட்டுப் பாத்துட்டுத்தான் எழுதணும். நான் சொன்னாலும் நம்பாத, போட்டுப் பாரு" என்று கூடுதலாக ஒரு கட்டளையும் இட்டார்.

வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தோம். அந்தக் கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிய முட்டாள் நான் ஒருவன்தான் என்று பின்னால் தெரியவந்தது.

எங்கள் வீட்டுக் குளியலறையில் "தோங்" என்று நாங்கள் சொல்லும் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று இருந்தது. அதுதான் என் ஆய்வுக்கூடம். அப்பாவின் ரப்பர்ச் செருப்பு மிதந்தது. தேங்காய்ச் சிரட்டை மிதந்தது. சவர்க்காரம் மூழ்கியது; மூழ்கியதைத் துழாவித் துழாவிப் பிடிக்க முடியாமல் தவித்ததில் அது பாதியாகக் கரைந்து, அன்று மாலை எல்லோரும் நுரையோடு குளிக்க வேண்டியதாயிற்று. எவர்சில்வர் குவளை நேராக வைத்தால் மிதந்தது, சாய்த்தால் மூழ்கியது; எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்து, "அதன் மனநிலையைப் பொறுத்தது" என்று எழுதினேன். ஏழாவது பொருளாகிய செங்கல்தான் எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. கல் என்றால் கல்தானே என்று போட்டால், அதன் உடம்பெல்லாம் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பி மேலே வந்தன. உள்ளே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுகிறது என்று டீச்சர் பின்னர் விளக்கினார். "குமிழி வந்தால் உறிஞ்சுகிறது என்று பொருள்" என்று அடிக்கோடிட்டு எழுதி வைத்தேன். அந்த வரி எனக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போவது அப்போது தெரியாது.

அம்மா எட்டிப் பார்த்து, "டேய், அந்தத் தண்ணி குளிக்கிறதுக்குடா. உன் ஆராய்ச்சிக்குப் பைப்பு தொறந்து பாசின்ல புடிச்சுக்க" என்றார். அதனால் எட்டாவது பொருளாகிய அரிசியிலிருந்து என் ஆய்வுக்கூடம் ஒரு துணி அலசும் பாசினுக்கு மாறியது. அரிசி உறிஞ்சும். ஒன்பதாவது மெழுகுவத்தி, உறிஞ்சாது, மிதக்கும். பத்தாவது, பிளாஸ்டிக்.

இங்கே அம்மாவின் சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அம்மா காப்பார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். பிறப்பைப் பதிய யாரும் பட்டணத்துக்குப் போகவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே மரம் சீவி, எனக்கும் சோறு ஆக்கிப் போட்ட அம்மாவின் கையில் இருந்தது சிவப்பு நிற அடையாள அட்டை. அதாவது குடியிருக்கலாம், குடிமகள் இல்லை. அப்பாவுடையது நீலம். "சேப்பு ஐசி, நீல ஐசி" என்று வீட்டில் அடிக்கடி பேச்சு வரும். அம்மா இங்கேதான் பிறந்தார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, பாட்டியின் பிரசவ விடுப்புக்காகத் தோட்டத்துக் கிராணி அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டு. கிராணி என்றால் தோட்ட அலுவலகத்துக் கணக்கர். சீட்டின் கீழே தோட்டத்து முத்திரை தெளிவாக இருந்தது. மேலே பென்சிலில் எழுதியிருந்ததுதான் தேய்ந்து, சாம்பலைத் துடைத்த இடம்போல் மங்கிக் கிடந்தது. குடியுரிமை கேட்டுப் போன முதல் நேர்காணலில் பதிவு அலுவலகத்து அதிகாரி அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பெயரும் தெரியவில்லை, தேதியும் தெரியவில்லை, தோட்டத்தின் பழைய பதிவேடு கிடைத்தால் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். தோட்டமோ வீடமைப்புப் பகுதியாகி வெகுநாளாகியிருந்தது. கிராணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாவது நேர்காணல் வருகிற திங்கட்கிழமை. காட்டுவதற்கு இருந்தது அதே சீட்டுத்தான்.

அந்தச் சீட்டை அம்மா பாதுகாத்த விதம் தனி. தீபாவளிக்கு முறுக்குப் பொட்டலம் ஒட்டுவதுபோல, தடித்த பிளாஸ்டிக் பையில் சீட்டைப் போட்டு, பையின் வாயை ஒரு ரம்ப பிளேடில் மடித்து, மெழுகுவத்திச் சுடரில் ஓட்டி உருக்கி ஒட்டிவிடுவார். பிறகு அது பிஸ்கட் டின்னுக்குள் போய், டின் அலமாரிக்கு மேலே போகும். "பண்டமாரானே முங்குனாலும் என் சீட்டு நனையாது" என்று பெருமையாகச் சொல்லுவார்.

நான் சொன்னாலும் நம்பாதே, போட்டுப் பார் என்றல்லவா டீச்சர் சொல்லியிருந்தார்?

சனிக்கிழமை மதியம். அம்மா திங்கட்கிழமைக்கென்று தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கப் போயிருந்தார். அப்பா வேலை முடிந்து வந்து கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்த மற்றப் பிளாஸ்டிக் பைகளிலெல்லாம் ஓட்டை. அலமாரிமேல் இருந்த பைதான் ஒட்டிய பை, நீர் புகாத பை, அறிவியலுக்கு ஏற்ற பை. உள்ளே காகிதம் இருப்பது இன்னும் நல்லது. காகிதம் காய்ந்தபடியே வந்தால் பிளாஸ்டிக் தண்ணீரை விடாது என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமாகிவிடும். என் மூளை அன்று அவ்வளவு கூர்மையாக வேலை செய்தது.

பையைப் பாசினில் போட்டேன். மிதந்தது. முழுக்க நனையாமல் சோதனை எப்படி முழுமையாகும் என்று அம்மிக்குழவியை எடுத்து அதன்மேல் வைத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் எண்ணினேன். மூன்றாவது நிமிடத்தில் பையின் ஒரு மூலையிலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. அழகாக இருக்கிறதே என்று ரசித்துக்கொண்டிருந்தவனுக்கு ஏழாவது வரிசை நினைவுக்கு வந்தது.

குழவியைத் தூக்கிப் பையை எடுத்தபோது உள்ளே இருந்த தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

சாம்பல் நிறத்தில் இருந்த சீட்டிலிருந்து ஊதா எப்படி வந்தது என்றெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. முத்திரையின் மை கரைந்துவிட்டது, எல்லாம் போயிற்று என்றுதான் தோன்றியது. கத்தரிக்கோலால் பையை வெட்டிச் சீட்டை வெளியே எடுத்தேன். கடைசி மடிப்பு மட்டும் காய்ந்தபடி இருக்க, மற்ற இடமெல்லாம் ஊதா நிறக் கோடுகள் நெளிந்துகொண்டிருந்தன. அது கூட்டெழுத்து ஆங்கிலம் என்பதும் எனக்குத் தெரியவில்லை. புழு ஊர்ந்ததுபோல் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. "இந்தச் சீட்டு இல்லன்னா நான் எங்க பொறந்தேன்னு சொல்ல ஒரு நாதி இல்ல" என்று அம்மா அடிக்கடி சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதிலிருந்து நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: பிறந்த இடம் தெரியாதவர்களைக் கொள்கலனில் ஏற்றிக் கப்பலில் அனுப்பிவிடுவார்கள். அந்தக் கொள்கலனை லோரியில் இழுத்துக்கொண்டு போகிறவர் அப்பாவாகவே இருப்பார் என்பதுவரை என் கற்பனை ஓடிவிட்டது.

உறிஞ்சும் பொருள்களின் பட்டியல் கைவசம் இருந்ததால் அதையே நம்பினேன். முதலில் வெள்ளைத் துண்டு. ஒற்றி எடுத்ததும் துண்டில் ஊதா நிறத்தில் ஒரு மலேசிய வரைபடம் விழுந்தது. துண்டைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். அடுத்து அரிசி. அரிசிப் பீப்பாயில் சீட்டைப் புதைத்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டு எடுத்தேன். ஈரம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஒரு பிடி அரிசிக்கு நிறம் ஏறிவிட்டது. பொறுக்கிப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கடைசியில் இஸ்திரிப் பெட்டி. வீட்டில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட் அப்பாவின் தலைமாட்டில். அவருடைய குறட்டை ஏறும்போது நான் சீட்டின்மேல் பெட்டியை வைப்பேன், இறங்கும்போது எடுப்பேன். அந்த வாசனைதான் நான் முதலில் சொன்ன வாசனை. ஒருமுறை அப்பா கண்ணைத் திறக்காமலே, "என்னடா கருகுது?" என்றார். "சட்டைப்பா" என்றேன். "நீ சட்டைக்கு இஸ்திரி போடுறியா? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் குறட்டைக்குள் போய்விட்டார்.

புதுப் பை ஒன்றைத் தேடிப் பிடித்து, சீட்டை மடித்து உள்ளே வைத்து, மெழுகுவத்தியில் ஒட்டி, டின்னில் போட்டு, டின்னை மேலே ஏற்றிய பிறகுதான் என் வலது கட்டைவிரலைப் பார்த்தேன். நகம் வரைக்கும் ஊதா. சவர்க்காரம் போட்டேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன், மண்ணெண்ணெய் ஊற்றினேன். தோல் உரிந்ததே தவிர நிறம் போகவில்லை. பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு, பென்சில் சீவியபோது வெட்டிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா ஒரு சோற்றுப் பருக்கையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"என்ன இது, கத்திரிக்கா கலர்ல ஒரு சோறு?"

"வண்டு அரிச்ச அரிசியா இருக்கும்" என்றார் அம்மா.

"வண்டு கலர் அடிக்குமா?"

"இப்ப உள்ள வண்டு எதையும் செய்யும். சாப்பிடுங்க லா."

எனக்கு விக்கிக்கொண்டது. அம்மா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். அந்தக் கையை எத்தனை நாளைக்குப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்து நான் அழுதேன். காரம் அதிகம் என்று அம்மா வருத்தப்பட்டு எனக்கு ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தார். அதையும் அழுதுகொண்டே முழுக்கத் தின்றேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை வயிற்று வலி என்று படுத்துவிட்டேன்; பொய்யில்லை, உண்மையாகவே வலித்தது. தனியாக விட்டுப் போக மனமில்லாமல் என்னையும் கிள்ளானுக்குப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா புது ரவிக்கையும் பட்டுப்புடவையும் கட்டி, பிஸ்கட் டின்னைக் குழந்தைபோல் மடியில் வைத்திருந்தார். பதிவு அலுவலகத்தில் எண் அழைக்கும் வரை மூன்று மணி நேரம் காத்திருந்தோம். நான் நான்கு முறை கழிவறைக்குப் போனேன். ஐந்தாம் முறை எழுந்தபோது அப்பா, "உனக்குத்தான் இன்டர்வியூவா?" என்று கேட்டார்.

முகப்பில் இருந்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு மலாய்க்கார அதிகாரி. மூக்கின் நுனியில் கண்ணாடி. அம்மா பையை நீட்டினார். அவர் பையை வெட்டிச் சீட்டைப் பிரித்து, கோப்பில் இருந்த முதல் நேர்காணல் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிரித்தவரின் முகம் மாறியது.

"சியாப்பா தூலிஸ் நி?" என்று அப்பாவைக் கேட்டார். இதை யார் எழுதியது என்று பொருள்.

அப்பா எட்டிப் பார்த்தார். அம்மா எட்டிப் பார்த்தார். மங்கிக் கிடந்த இடத்தில் ஊதா நிறத்தில் வரிவரியாக எழுத்து. போன முறை வெறும் சாம்பலாக இருந்தது இப்போது எழுந்து நிற்கிறது. புதிதாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று யாருக்குத்தான் தோன்றாது? அதிகாரியின் கை தொலைபேசி இருந்த பக்கம் நகர்ந்ததாக எனக்குப் பட்டது. அப்பாவுக்கு மலாய் மொழி மறந்துபோய், "நோ, என்சிக்… நோ" என்று, ஐயா என்னும் அந்த ஒரு மலாய்ச் சொல் மட்டும் வந்தது. அம்மா, "நான் ஒண்ணும் எழுதலைங்க. எனக்கு இங்கிலீசு எழுதவே தெரியாதுங்க" என்று தமிழிலேயே அவரிடம் சொன்னார்.

நான் பிளாஸ்திரியைப் பிய்த்தேன். ஊதாக் கட்டைவிரலை முகப்புக்கு மேலே தூக்கிப் பிடித்து, அழுகையும் மலாயும் தமிழும் கலந்து, செங்கல்லிலிருந்து தொடங்கினேன். குழவி, குமிழி, துண்டு, அரிசி, இஸ்திரி எல்லாம் வந்தது. அந்தக் கூடத்தில் எண் அழைப்பதே நின்றுவிட்டது. அப்பா இடையில், "சோத்துல இருந்தது அதுதானா?" என்று கேட்டார்.

அதிகாரி என் விரலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். இன்னும் நனையாமல் சாம்பலாகவே இருந்த அந்தக் கடைசி மடிப்பை நீவி விரித்தார். தபால்தலை ஒட்டுவதற்காக மேசையில் வைத்திருந்த ஈரப்பஞ்சில் தன் சுட்டுவிரலைத் தொட்டு, அந்த மங்கல் வரியின்மேல் மெதுவாக ஒற்றினார்.

விரல் பட்ட இடத்தில் ஊதா பூத்தது. முதலில் ஒரு சுழி, பிறகு ஒரு கோடு, பிறகு எண்கள். அவர் இன்னொரு முறை தொட்டு ஒற்றினார். வரி முழுதும் எழுந்து வந்தது.

அவர் சிரித்துவிட்டார். "பென்சில் லாமா" என்றார், பழைய காலத்துப் பென்சில் என்று. அது காப்பியிங் பென்சிலாம். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில்போலச் சாம்பல் நிறத்தில் மங்கும். தண்ணீர் பட்டால் ஊதாவாக மாறி, அதற்குப்பின் அழிக்கவே முடியாது. தான் வேலையில் சேர்ந்த புதிதில் மூத்த எழுத்தர்கள் அதன் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார்கள் என்றும், ஊதா நாக்கை வைத்தே யார் அன்று அதிகம் வேலை செய்தார் என்று கண்டுபிடிப்பார்கள் என்றும் அப்பாவிடம் சொன்னார். பிறகு சீட்டை உரக்கப் படித்தார். அம்மாவைப் பெற்றவளின் பெயர், தோட்டத்தின் பெயர், பெண் குழந்தை. கடைசி வரி, அவர் விரலில் எழுந்த வரி, தேதி. அக்டோபர் ஒன்பது.

அம்மாவின் சிவப்பு அட்டையில், நாள் தெரியாத எத்தனையோ பேருக்குப் போட்டதுபோல, ஜனவரி ஒன்று என்று போட்டிருந்தார்கள்.

அம்மா அந்தச் சீட்டைத் தொடவில்லை. தொட்டால் மறுபடியும் மங்கிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "அப்ப எனக்கு ஒரு நாளு இருக்கு" என்றார், யாருக்கென்று இல்லாமல்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் நடுத்தலையில் ஒரு கொட்டு விழுந்தது. மூன்று நாளாக எதிர்பார்த்திருந்ததால் வலிக்கவில்லை. "குழவியத் தூக்கி வச்சானாம் குழவிய" என்று சொல்லிவிட்டு அம்மா சிரிக்கத் தொடங்கினார். அப்பா, "அது சரி, ஒம்பது மாசம் எளசா இருந்துகிட்டு இத்தனை வருசமா என்னைய ஏமாத்தியிருக்க லா" என்றார். சிரிப்பு அடங்கியதும் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஆமா, நான் ஒட்டுன பையில எப்படித் தண்ணி பூந்துச்சு?" முதல் நேர்காணல் முடிந்து வந்த அன்று பையை ஒட்டியது அப்பா. அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் பத்தாவது வரிசையில், "பிளாஸ்டிக்: உறிஞ்சாது. ஆனால் அப்பா ஒட்டினால் விடும்" என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கமலா டீச்சர் சிவப்பு மையில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டார். விளக்கினால் இன்னொரு முறை செங்கல்லிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும் என்பதால் தவறை ஏற்றுக்கொண்டேன்.

அந்தச் சீட்டைக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள், திரும்ப வரவில்லை. நீல அட்டை வந்து சேர்வதற்குள் நான் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டேன். அப்பா கடைசிவரை அந்த மூலை தன் கையால் ஒட்டியது என்பதை ஒத்துக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்தார். பண்டமாரான் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கிடங்கு. காப்பியிங் பென்சில் ஒன்று கிடைக்குமா என்று கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் எழுதுபொருள் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். "அங்கிள், ஊதா ஜெல் பேனா இருக்கு, வேணுமா?" என்றது ஒரு பெண். முறுக்குப் பை வாயைச் சுடரில் ஒட்டுகிறவர்களும் இல்லை. இழுத்து மூடும் பை வந்துவிட்டது.

அம்மா பூச்சோங்கில் என்னோடு இருக்கிறார். அக்டோபர் ஒன்பதாம் தேதி கேக் வெட்டுகிறோம். கடைக்காரருக்கு வெறுத்துப்போகும் அளவுக்கு ஊதா நிறம் கேட்டு வாங்குவேன். அம்மாவிடம் ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மருந்துக்கடை ரசீதுகளை அவர் எறிவதில்லை. அவை இரண்டு மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடுகின்றன. சூடு பட்டால் கறுக்கிற தாள் அது. பழைய நினைப்பில் நான் ஒன்றுக்கு இஸ்திரி போட்டேன், அட்டைக்கரியாக வந்தது. அம்மா அப்படியெல்லாம் அவசரப்படமாட்டார். மேசையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, சுட்டுவிரலைத் தொட்டு, அந்த வெற்றுத் தாளின்மேல் மெதுவாக ஒற்றிப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் காத்திருக்கிறார். அது எந்தத் தாள், எப்படிப்பட்ட மை என்று நான் வகைப்படுத்தி விளக்கத் தொடங்கினால், கையைக் காட்டி நிறுத்திவிடுகிறார்.

"நீ சும்மா இரு. போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."